ஒரு டன் வெள்ளைக்கல்லைச் சுட்டால் எவ்வளவு மிஞ்சும்? மோல் கணக்கை முதல்முறை படிப்பவர்களுக்கு

ஓமலூர் பக்கம் போகிற ரயிலில் சேலம் ஜங்ஷனைத் தாண்டியதும் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு நிலையம் வரும். அந்தப் பகுதியில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் சுரங்க மேடுகளைச் சேலத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உள்ளூரில் அதை வெள்ளைக்கல் என்போம். வேதியியலில் அது மேக்னீசியம் கார்பனேட். சூளையிலிட்டுச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறி, மேக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். மிகக் கடுமையாக, 1500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சுட்டெடுத்ததை வைத்துத்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல்லைச் செய்கிறார்கள்.

சரி, ஒரு டன் கல்லைச் சூளையில் போட்டால் எத்தனை கிலோ வெளியே வரும்? இதைச் சுட்டுப் பார்க்காமல், ஒரு தாளும் பேனாவும் வைத்துச் சொல்லிவிடலாம். பிளஸ் ஒன் வேதியியலின் முதல் பாடத்தில் வரும் வேதிக் கணக்கீடுகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியின் வேறு வேறு வடிவங்கள்தான். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவர்களையும், டிப்ளமோவில் சேர்ந்தவர்களையும், வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி படிக்க உட்கார்ந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குறியீடுகள் பழகாதவர்களும் படிக்கட்டும் என்று பொருள்களைப் பெயராலேயே எழுதியிருக்கிறேன். நோட்டில் போடும்போது நீங்கள் குறியீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தராசு ஒரு கணக்கு, சமன்பாடு ஒரு கணக்கு

வேதிச் சமன்பாடு எண்ணிக்கையில் பேசும். "ஒரு மேக்னீசியம் கார்பனேட்டிலிருந்து ஒரு மேக்னீசியம் ஆக்சைடும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் வரும்" என்பதுதான் அது சொல்லும் செய்தி. இத்தனை கிராமிலிருந்து இத்தனை கிராம் என்று அது சொல்வதே இல்லை. தராசோ கிராமை மட்டும் காட்டும். எண்ணிக்கை அதற்குத் தெரியாது. சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இரும்புக் கடையில் போல்ட்டும் நட்டும் எடை போட்டு விற்கிறார்கள். ஒரு போல்ட் 20 கிராம், ஒரு நட் 8 கிராம் என்று வையுங்கள். 2 கிலோ போல்ட் வாங்கினால் அதற்கு எவ்வளவு நட் வாங்க வேண்டும்? 2 கிலோ நட் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2000 கிராமை 20-ஆல் வகுத்தால் 100 போல்ட். போல்ட்டுக்கு ஒரு நட் என்றால் 100 நட், அதாவது 800 கிராம். போல்ட்டுக்கு இரண்டு நட் என்றால் 1600 கிராம். கடைக்காரர் ஒன்றைக்கூட எண்ணிப் பார்க்காமல், எடையை வைத்தே எண்ணிக்கையைப் பிடித்துவிடுவார்.

வேதியியலிலும் செய்வது அதேதான். ஆனால் ஓர் அணுவின் எடை நம் தராசில் ஏறாத அளவு சிறியது. அதனால் ஒன்று ஒன்றாகப் பார்க்காமல் ஒரு பெரிய கட்டாக எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கட்டுதான் மோல். ஒரு மோலில் 6.02214076 × 10²³ துகள்கள் இருக்கும். முன்பு 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்து மோலை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் இந்த எண்ணையே நேரடியாக வரையறையாக வைத்துவிட்டார்கள்.

இந்த எண்ணைப் பார்த்து மிரண்டுபோய்ப் பாடத்தையே மூடி வைப்பவர்கள் உண்டு. மிரள வேண்டாம். கிராமில் தொடங்கிக் கிராமில் முடியும் கணக்கு எதிலும் இந்த எண் வராது. "எத்தனை மூலக்கூறுகள்?" என்று கேள்வி நேரடியாகக் கேட்டால் மட்டும் எடுங்கள்.

முதல் வேலை: ஒரு மோலின் எடை

ஒரு பொருளின் ஒரு மோல் எத்தனை கிராம் என்பதுதான் அதன் மோலார் நிறை. தனிம அட்டவணையில் உள்ள அணு நிறைகளைக் கூட்டினால் கிடைத்துவிடும். மேக்னீசியம் 24.3, கார்பன் 12.0, ஆக்சிஜன் 16.0.

மேக்னீசியம் கார்பனேட்டில் ஒரு மேக்னீசியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன்: 24.3 + 12.0 + 48.0 = 84.3 கிராம்.
மேக்னீசியம் ஆக்சைடு: 24.3 + 16.0 = 40.3 கிராம்.
கார்பன் டை ஆக்சைடு: 12.0 + 32.0 = 44.0 கிராம்.

40.3-ஐயும் 44.0-ஐயும் கூட்டிப் பாருங்கள், 84.3 வருகிறது. உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் சமம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லவாய்சியர் நிலைநாட்டிய பொருண்மை அழியா விதி இதுதான். சமன்பாட்டை எழுதியதும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கூட்டல் இடித்தால் மேற்கொண்டு போகாதீர்கள். நிறையிலோ, இரு பக்கத்து அணு எண்ணிக்கையைச் சமன்படுத்தியதிலோ தவறு இருக்கிறது.

ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், குளோரின் ஆகிய வாயுக்கள் இரட்டை அணுக்களாகத் திரிபவை. ஆக்சிஜன் வாயுவின் ஒரு மோல் 32 கிராம், 16 இல்லை. விடைத்தாள்களில் அதிக மதிப்பெண்ணைத் தின்பது இந்த ஒரு தவறுதான் என்று நினைக்கிறேன்.

சமன்படுத்துதல்

வெள்ளைக்கல் கணக்கில் எல்லாமே ஒன்றுக்கு ஒன்று என்பதால் சமன்படுத்தும் வேலை வரவில்லை. கொஞ்சம் மலையேறினால் வரும். சேர்வராயன் மலையில் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் கிடைக்கிறது. அங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலைக்குப் போனது. பாக்சைட்டைச் சுத்திகரித்தால் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு. உருகிய கலவையில் அலுமினாவைக் கரைத்து, கார்பன் மின்முனைகள் வழியே மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம் பிரியும், கார்பன் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போகும்.

அலுமினா + கார்பன் → அலுமினியம் + கார்பன் டை ஆக்சைடு

ஓர் அலுமினாவில் 2 அலுமினியம், 3 ஆக்சிஜன். ஒரு கார்பன் டை ஆக்சைடில் 2 ஆக்சிஜன். இடப்பக்கம் மூன்று மூன்றாக வரும் ஆக்சிஜன் வலப்பக்கம் இரண்டிரண்டாகப் போக வேண்டும். இரண்டுக்கும் பொதுவான எண் 6. ஆகவே 2 அலுமினா, 3 கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் முடிந்தது. இப்போது அலுமினியம் 4 வேண்டும், கார்பன் 3 வேண்டும்.

2 அலுமினா + 3 கார்பன் → 4 அலுமினியம் + 3 கார்பன் டை ஆக்சைடு

முன்னால் போடும் எண்ணை மட்டும்தான் மாற்றலாம். சேர்மத்துக்குள் இருக்கும் எண்ணில் கை வைத்தால் அது வேறு பொருளாகிவிடும். எந்தத் தனிமத்தில் தொடங்குவது என்று கேட்டால், இரு பக்கமும் எண்ணிக்கை அதிகமாக இடிக்கும் தனிமத்தில் தொடங்குங்கள். தனியாக நிற்கும் தனிமத்தை (இங்கே அலுமினியமும் கார்பனும்) கடைசிக்கு வையுங்கள், அது எந்த எண்ணுக்கும் வளைந்து கொடுக்கும்.

கிராமிலிருந்து மோல், மோலிலிருந்து மோல், மோலிலிருந்து கிராம்

இனி டன் கணக்கு. கல் முழுக்கச் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம்.

கிராமை மோலாக்குங்கள்: 10,00,000 கிராம் ÷ 84.3 = 11,862 மோல் கல்.
சமன்பாட்டைப் பாருங்கள்: ஒன்றுக்கு ஒன்று. ஆகவே 11,862 மோல் மேக்னீசியம் ஆக்சைடு.
மோலைக் கிராமாக்குங்கள்: 11,862 × 40.3 = சுமார் 4,78,000 கிராம்.

அதாவது 478 கிலோ. பாதிக்கும் மேலே, 522 கிலோ, புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அந்த வாயுவின் கன அளவு வேண்டுமா? 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர். 11,862-ஐ அதனால் பெருக்கினால் சுமார் 2,66,000 லிட்டர். சூளையிலிருந்து சூடாக வெளிவரும்போது இன்னும் பல மடங்கு விரிந்திருக்கும்.

நடுவில் இருக்கும் படியை யாரும் தாண்டக் கூடாது. தேர்வுக்காகக் குறுக்குவழி சொல்லித்தருபவர்கள், "84.3-க்கு 40.3, அப்படியானால் 1000-க்கு எவ்வளவு" என்று மும்மை விதியில் முடித்துவிடச் சொல்வார்கள். இந்தக் கணக்குக்கு அது சரியாக வரும். ஆனால் விகிதம் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்று மாறினாலோ, இரண்டு வினைபடுபொருள்களின் அளவையும் கொடுத்துவிட்டாலோ அங்கேயே தடுமாறும். மூன்று வரி எழுதச் சோம்பல்பட்டு இரண்டு வரியில் முடிப்பதில் மிச்சமாவது பத்து விநாடிதான். முதல் சில வாரங்களாவது மூன்று வரியும் எழுதுங்கள், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எந்தப் பொருளின் கிராம், எந்தப் பொருளின் மோல் என்று குறித்துவிடுங்கள். வெறும் "11,862 மோல்" என்று எழுதினால் நான்கு வரி கழித்து அது கல்லா வாயுவா என்று உங்களுக்கே தெரியாது.

அலுமினியத்துக்கும் இதே மூன்று வரிதான். 1 கிலோ அலுமினியம் வேண்டும். அணு நிறை 27.0. 1000 ÷ 27.0 = 37.0 மோல் அலுமினியம். 4 அலுமினியத்துக்கு 2 அலுமினா என்பதால் 18.5 மோல் அலுமினா. அதன் மோலார் நிறை 102.0, ஆகவே சுமார் 1890 கிராம். கார்பனுக்கும் போட்டுப் பாருங்கள், 333 கிராம் வரும். ஆலையில் உண்மையில் 400 கிராமுக்கு மேல் செலவாகும். கார்பன் மின்முனை காற்றில் வீணாக எரிவதும் உண்டு. சமன்பாடு சொல்வது குறைந்தபட்சத் தேவையை மட்டும்.

கல் சுத்தமாக இல்லையென்றால்

பூமியிலிருந்து வெட்டும் கல் எதுவும் நூற்றுக்கு நூறு இருக்காது. வெள்ளைக்கல்லில் சிலிக்கா கலந்திருக்கும். நம் கல்லில் 92 சதவீதம் மேக்னீசியம் கார்பனேட், மீதி 8 சதவீதம் சூட்டில் எடை மாறாத கசடு என்று வைத்துக்கொண்டால், 1000 கிலோவில் 920 கிலோதான் கணக்குக்குள் வரும். அதிலிருந்து மேக்னீசியம் ஆக்சைடு 440 கிலோ. ஆனால் சூளையிலிருந்து அள்ளி எடை போட்டால் 520 கிலோ காட்டும், ஏனென்றால் 80 கிலோ கசடும் கூடவே கிடக்கிறது. "திண்மமாக மிஞ்சியது எவ்வளவு?", "மேக்னீசியம் ஆக்சைடு எவ்வளவு?" இரண்டும் வேறு வேறு கேள்விகள். வினாத்தாள் எதைக் கேட்கிறது என்று இரண்டு முறை படியுங்கள்.

இரண்டில் எது முதலில் தீரும்

பாடத்தில் எல்லோரும் திணறும் இடம் இது. முதலில் தீர்ந்துபோகும் பொருளைப் புத்தகத்தில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று போட்டிருப்பார்கள்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் போனால் கொலுசுப் பட்டறைகள். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் சில்வர் நைட்ரேட் கரைசல் கிடைக்கும். அதில் செம்பைப் போட்டால் செம்பு கரைய, வெள்ளி தூளாகப் படியும். வெள்ளியை மீட்க உலகெங்கும் பழகிய முறைகளில் இதுவும் ஒன்று. வீட்டில் இதைச் செய்து பார்க்கவே கூடாது: அமிலம் வெள்ளியைக் கரைக்கும்போது வரும் பழுப்பு நிறப் புகை நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். நமக்குக் கணக்கு போதும்.

செம்பு + 2 சில்வர் நைட்ரேட் → செம்பு நைட்ரேட் + 2 வெள்ளி

கரைசலில் 34.0 கிராம் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. 8.0 கிராம் செம்பைப் போடுகிறோம். வெள்ளி எவ்வளவு கிடைக்கும்?

சில்வர் நைட்ரேட்டின் மோலார் நிறை 107.9 + 14.0 + 48.0 = 169.9. எனவே 34.0 ÷ 169.9 = 0.200 மோல்.
செம்பு 63.5. எனவே 8.0 ÷ 63.5 = 0.126 மோல்.

இதைப் பார்த்ததும் "செம்புதான் குறைவு, அதுதான் முதலில் தீரும்" என்று கை எழுதிவிடும். கிராமிலும் செம்பு குறைவு, மோலிலும் செம்பு குறைவு. ஆனாலும் முதலில் தீர்வது சில்வர் நைட்ரேட். ஒரு செம்புக்கு இரண்டு சில்வர் நைட்ரேட் வேண்டும் என்பதால், 0.200 மோல் சில்வர் நைட்ரேட்டைத் தீர்க்க 0.100 மோல் செம்பு போதும். நம்மிடம் 0.126 இருக்கிறது.

குழப்பமில்லாமல் செய்ய ஒரு வழி: ஒவ்வொரு வினைபடுபொருளின் மோலையும் சமன்பாட்டில் அதன் முன்னால் இருக்கும் எண்ணால் வகுத்துவிடுங்கள். சில்வர் நைட்ரேட்டுக்கு 0.200 ÷ 2 = 0.100. செம்புக்கு 0.126 ÷ 1 = 0.126. சிறிய விடை எதற்கோ அதுதான் முதலில் தீரும். இந்த வகுத்தல் யார் தீர்வார் என்று கண்டுபிடிக்க மட்டும்தான். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, உண்மையான மோல் எண்ணிக்கைக்குத் திரும்புங்கள்.

2 சில்வர் நைட்ரேட்டுக்கு 2 வெள்ளி. ஆகவே வெள்ளி 0.200 மோல், 0.200 × 107.9 = 21.6 கிராம். மிஞ்சும் செம்பு 0.126-இல் 0.100 போக 0.026 மோல், ஏறத்தாழ 1.6 கிராம்.

இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு. சமன்பாட்டில் 2 சில்வர் நைட்ரேட் என்று இருப்பதால் மோலார் நிறையையே 339.8 என்று எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் விகிதத்திலும் மறுபடி இரண்டால் வகுப்பார்கள். மோலார் நிறை பொருளுக்கு உரியது. முன்னால் உள்ள எண் வினைக்கு உரியது. ஒன்றோடொன்று பெருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுப்பில் ஒரு சோதனை

எவ்வளவு எழுதினாலும், தராசு நீங்கள் சொன்ன எண்ணைக் காட்டும்போதுதான் இந்தக் கணக்கில் நம்பிக்கை வரும். அதற்கு ஆய்வகம் வேண்டாம். ஆப்பச் சோடா, ஒவ்வொரு கிராமையும் காட்டும் சமையல் தராசு, எவர்சில்வர் வாணலி, இவை போதும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் வேறு பொருள்களும் மாவும் கலந்திருக்கும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், மிஞ்சும் காரம் அதை அரிக்கும்.

ஆப்பச் சோடா என்பது சோடியம் பைகார்பனேட், மோலார் நிறை 84.0. சூடாக்கினால் நீரற்ற சலவைச் சோடாவான சோடியம் கார்பனேட் (106.0), நீராவி (18.0), கார்பன் டை ஆக்சைடு (44.0) என்று பிரியும்.

2 ஆப்பச் சோடா → சலவைச் சோடா + நீர் + கார்பன் டை ஆக்சைடு

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கணக்கை முடித்து எழுதி வைத்துவிடுங்கள். 42 கிராம் எடுத்தால் 0.50 மோல். இரண்டுக்கு ஒன்று என்பதால் 0.25 மோல் சலவைச் சோடா, 26.5 கிராம். 15.5 கிராம் குறைய வேண்டும்.

வெறும் வாணலியை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சோடாவைப் பரப்பி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வாயு வெளியேறும்போது தூள் தண்ணீர்போல் தளதளவென்று அசையும். பார்க்க நன்றாக இருக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். அசைவு நின்றபின் இறக்கி, ஆறவைத்து, எடை போடுங்கள். சூடான வாணலியைத் தராசில் வைத்தால் தராசு கெடும், எண்ணும் தப்பாக வரும். மறுபடி பத்து நிமிடம் சூடாக்கி மறுபடி எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகளும் ஒன்றாக வந்தால்தான் வினை முடிந்தது என்று பொருள். ஆய்வகத்திலும் இதே முறைதான்.

28, 29 கிராம் காட்டினால் அடியில் வேகாத சோடா இருக்கிறது, அல்லது ரொம்ப நேரம் வெளியே வைத்துவிட்டீர்கள், சலவைச் சோடா காற்றின் ஈரத்தை இழுத்துவிட்டது. 25-க்குக் கீழே போனால் கிளறும்போது தூள் பறந்திருக்கும். மிஞ்சியது சமையலுக்கு ஆகாது, கண்ணில் படவும் கூடாது. துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கியந்திரத்தில் இடைவிடைகளை முழுமையாக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள். 0.126-ஐ 0.13 என்று நடுவில் எழுதிவிட்டால் மிஞ்சும் செம்பு 1.6 கிராமுக்குப் பதில் 1.9 கிராம் ஆகிவிடும்.

போட்டுப் பார்க்க

சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட், மோலார் நிறை 100.1. சுட்டால் கால்சியம் ஆக்சைடு, 56.1. ஒரு டன்னுக்கு எவ்வளவு மிஞ்சும்? 560 கிலோ வர வேண்டும். வெள்ளைக்கல்லுக்கு 478, இதற்கு 560. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வெள்ளைத் தூள்களைச் சுட்டு எடை போட்டே பிரித்துவிடலாம் என்பது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

அடுத்தது கொஞ்சம் கடினம். இரண்டு தூளும் கலந்த 10.0 கிராமை முழுக்கச் சுட்டபின் 5.2 கிராம் மிஞ்சியது. கலவையில் வெள்ளைக்கல் எத்தனை கிராம்? தெரியாத அளவுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மிஞ்சுவதையும் மீதியிலிருந்து மிஞ்சுவதையும் கூட்டி 5.2-க்குச் சமமாக்குங்கள். விடை 4.9 கிராம் பக்கத்தில் வரும். 5.1 வந்தால் வெள்ளைக்கல்லுக்குப் பதிலாகச் சுண்ணாம்புக்கல்லின் அளவைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், 10.0-இலிருந்து கழித்துவிடுங்கள்.